பணக்காரங்க வியாதி

என் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. அழவே இல்லை. “எம்மாம் பெரிய புள்ள” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தாய்க்குச் சர்க்கரை வியாதி இருந்தால் பிள்ளை வயிற்றிலேயே பெருத்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் அப்பாவுக்கு அது இருந்ததால் எனக்கும் இருக்குமோ என்று சந்தேகம்.

மறுபடி உண்டானதும் ராயபுரம் சந்தையிலிருந்து மீன்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னேன்.

“அது பணக்காரங்க வியாதிம்மா. மீன் விக்கிறவளுக்கு எப்டி வரும்? போ” என்றார் சோதனை செய்பவர்.

“பாத்து சொன்னாத்தான் போவேன் சார்.”

கூடையோடு அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏற ஏற மீன் நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு சோதித்தார். காய்ச்சியதும் நீல மருந்து செங்கல் நிறமானது. ‘சர்க்கரை இருக்கிறது’ என்று சீட்டில் எழுதி டாக்டரிடம் அனுப்பினார்.

பிரசவம்வரை தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டேன். வளைகாப்பு லட்டைக்கூடத் தொடவில்லை.

பிறந்த மகளைப் பார்த்து மாமியார், “இன்னா, இத்துனூண்டு கீது?” என்றார்.

“அழுவுது, கேட்டியா அத்தே?” என்றேன்.

இன்றைக்கும் எந்தக் குழந்தை அழுதாலும், அதட்டி அடக்க நான் விடுவதில்லை.