உள்ளே விடாதே!

ஆர்டர் கழுத்தை நெரிக்கும்போது மெஷினை நிறுத்தச் சொல்கிறவளை என்ன செய்யலாம்? போன மாதம் எங்கள் மீட்டிங் அறையில் எல்லோரும் என்னை அந்தக் கேள்வியோடுதான் பார்த்தார்கள்.

சிரம்பான் பக்கம் சுங்கை காடுட்டில் ஒரு சிப் ஃபேக்டரியில் எனக்குப் பிளானிங் வேலை என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். எந்தப் பெட்டி சிப்புகள் எப்போது எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது. முதலில் முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பொருத்துவோம். பிறகு சுத்தம் செய்வோம். அப்புறம் கறுப்புப் பிளாஸ்டிக்கில் மோல்டிங். சுத்தம் செய்த சில மணி நேரத்துக்குள் மோல்டிங் ஆகிவிட வேண்டும். தாமதமானால்... மறுபடியும் சுத்தம்!

கார் பிரேக்குக்கான சிப் ஆர்டர் ஒன்று ஏற்கெனவே பிந்தியிருந்தது. இன்னொரு முறை பிந்தினால் வாடிக்கையாளர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார் — அந்த லைனும் கூடவே போய்விடும். அந்த லைனில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் ரெம்பாவ், சுவா பக்கத்து எஸ்டேட் குடும்பங்களிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வருகிறவர்கள்.

பிந்தினால் நாம் என்ன செய்வோம்? இன்னும் அதிகமாக உள்ளே தள்ளுவோம். அதைத்தான் செய்தோம். மோல்டிங்கில் ஒரு மெஷின் ரிப்பேர். முன்னால் இருந்த கம்பிப் பகுதியோ ஓவர்டைம் போட்டு ஓடியது. மோல்டிங் வாசலில் பெட்டிகள் குவிந்தன. நேரம் தாண்டியவை சுத்தத்துக்குத் திரும்பி, புதிதாக வந்தவற்றின் வழியை அடைத்தன.

நான் லைன் முழுவதையும் கம்ப்யூட்டரில் மாடலாகக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். உள்ளே தள்ளத் தள்ள வெளியே வருவது குறைந்தது. மோல்டிங்கிலிருந்து ஒரு பெட்டி வெளியேறினால்தான் கம்பிப் பகுதிக்குள் ஒரு பெட்டி நுழையலாம், அதுவரை அங்கே மெஷின் நிற்கட்டும் என்று வைத்தால், ஆர்டர் தப்பித்தது.

மீட்டிங்கில் மேனேஜர் ஜமாலிடம் அதைக் காட்டி, கம்பி மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். மெஷின் சும்மா நின்றால் மேலிடத்து ரிப்போர்ட்டில் சிவப்பு விழும். பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனாலும் ஒரு வாரம் தந்தார்.

கம்பிப் பகுதி சூப்பர்வைசர் வசந்தி என்னைத் தனியே பிடித்தாள்.

“அக்கா, மெஷின் நின்னா என் ஆளுங்களுக்கு ஓ.டி. இல்ல. அப்புறம் ஆளே வேணாம்னு சொல்லிட்டா நான் என்னா பண்றது?”

நியாயமான பயம். என் மாடலில் பெட்டிகள் இருந்தன, மெஷின்கள் இருந்தன... வசந்தியின் ஆட்கள் இல்லை. ஜமாலிடம் மறுபடி போய் உட்கார்ந்தேன். அவர்களை மோல்டிங்கில் பழக்குவது, ஓ.டி.யை அங்கே கொடுப்பது என்று முடிவானது. அதனால் இன்னொரு லாபம் — சாப்பாட்டு நேரத்தில்கூட மோல்டிங் நிற்கவில்லை.

மறுநாளே டைரக்டர் ஃபேக்டரிக்குள் நடந்து வந்தார். ஓடாமல் வரிசையாக நிற்கும் கம்பி மெஷின்களைப் பார்த்துவிட்டு, யார் நிறுத்தியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜமால் முந்திக்கொண்டார். தான்தான் நிறுத்தியதாகவும், வெள்ளிக்கிழமை சரக்கு போகாவிட்டால் தன்னைக் கேட்கலாம் என்றும் சொன்னார். டைரக்டர் நகர்ந்தார்.

அவர் தலை மறைந்ததும் ஜமால் என் பக்கம் திரும்பினார். “உங்க கணக்கு சரிதானே லா, ஸ்டெல்லா?”

“சரிதான் பாஸ்.”

பயம் இருந்தது நிஜம். ஆனால் சந்தேகம் இல்லை.

குவியல் கரைந்தது. சுத்தத்துக்குத் திரும்பும் பெட்டிகள் ஏறக்குறைய நின்றே போயின. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பெட்டி லாரியில் ஏறியது. அடுத்த ஆர்டரும் எங்களுக்கே வந்தது. வசந்தியின் ஆட்கள் சிலர் மோல்டிங்கிலேயே தங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கி வந்த வசந்தி, “இந்த வாட்டி தப்பிச்சீங்க அக்கா” என்றாள். பாராட்டுதான்!

சும்மா இருக்கும் கையைக் கண்டால் நமக்கு ஏன் இத்தனை பதற்றம்? எஸ்டேட்டில் வேலை வாங்கும் மண்டோர் பார்த்துவிடுவார் என்ற பழைய பயமா? பிள்ளைகளையும் அப்படித்தான் டியூஷனுக்கு மேல் டியூஷனாகத் தள்ளுகிறோம். உள்ளே போனதை எண்ணுகிறோம். வெளியே என்ன வந்தது என்று யார் பார்க்கிறார்கள்?

அடைத்துத் தள்ளுவதுதான் சுறுசுறுப்பு என்றால், பெருநாள் காலத்தில் கார்கள் அடைத்து நிற்கும் சிரம்பான் டோல் சாவடியைவிடச் சுறுசுறுப்பான இடம் இந்த நாட்டிலேயே கிடையாது!