வேலுத்தாய் சித்தி வாசலில் நிறுத்திய ஜப்பான்காரர்

எங்கள் வேலுத்தாய் சித்தி கையை விட்டால் ஜெர்மனி இருண்டுபோகும், ஜப்பான் கடலுக்குள் போய்விடும். பூமி சுற்றுவதே அவளைக் கேட்டுத்தான்.

சரி, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். விருதுநகர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சோதனைக்கூடத்தைக் கூட்டித் துடைப்பவள் அவள். தற்காலிக வேலைதான். அதற்கு முன் பதினாறு வருடம் விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தினாள்.

2008இல் அந்தக் கூடத்தில் மூன்று நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஓர் உலை வைத்தார்கள். தண்ணீரை வேதிப்பொருட்களோடு தொள்ளாயிரம் டிகிரி சூட்டில் பிரித்து, கரியே இல்லாமல் ஹைட்ரஜன் எடுக்கும் உலை. முதன்முதலாக அதை ஓட்டிய அன்று, சித்திக்குச் சோறு கொண்டுபோன நான் சன்னலுக்கு வெளியே நின்றேன்.

பட்டாசு ரூமுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும். உரசினாலே பொறி கிளப்பும் நைலான் துணி ஆகவே ஆகாது. எலெக்ட்ரீஷியனைக் கெஞ்சி இங்கேயும் ஒரு தகடு பதித்து வைத்திருந்தாள் சித்தி. விஞ்ஞானிகளில் ஒருவராக வந்த ஜப்பான்காரர் போட்டிருந்ததோ நைலான் கோட்டு. சித்தி வாசலை மறித்துவிட்டாள்.

"கோட்டக் களட்டுங்க ஐயா."

"வேலுத்தாய், அவுக யாருன்னு தெரியுமா? வழிய விடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத" என்றார் பேராசிரியர் நல்லசிவம்.

"வரல ஐயா. ஆனா இந்தக் கோட்டு உள்ள போகாது. நைலான் சேலையோட எரிஞ்ச பிள்ளைய நாந்தேன் போர்வையில சுத்தித் தூக்குனேன்."

அவள் கை கதவுநிலையை விட்டு நகரவில்லை. என் வழக்கப்படி சிரிக்க வாயெடுத்தேன், வரவில்லை.

என்ன சண்டை என்று ஜப்பான்காரர் விசாரித்தார். பேராசிரியர் வேண்டாவெறுப்பாக ஆங்கிலத்தில் சொன்னார். ஜப்பான்காரர் கோட்டைக் கழற்றினார், அது சடசடவென்று பொரிந்தது. தகட்டுக்கு விரலைக் கொண்டுபோனதும் சின்னப் பொறி ஒன்று துள்ளியது. அவர் சித்தியைக் குனிந்து வணங்கினார். அடுத்துத் தகட்டைத் தொட்டவர் நல்லசிவம்.

மதியம் குழாய் முனையில் ஹைட்ரஜனைப் பற்றவைத்தார்கள். கண்ணுக்குச் சுடரே தெரியவில்லை. வெறும் காற்றில் நீட்டிய குச்சி மட்டும் குப்பென்று எரிந்தது. வெடியில்லை, நெடியில்லை. மேலே பிடித்த கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் முத்துமுத்தாகக் கோத்தது. எத்தனையோ நெருப்பைப் பார்த்த சித்தி வாயைப் பிளந்து நின்றாள்.

"ஆத்தாடி, நெருப்புக்கு வேர்க்குது!"

"நாளைக்கு எட்டு மணிக்கே வந்துரு, வேலுத்தாய்" என்றார் நல்லசிவம், குடுவையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சித்தி சன்னலுக்கு வந்தாள். "ஏலே, ஏன் அளுத?"

"யாரு அளுதா? கண்ணுல பொகை பட்டுருச்சு."

"இங்கன ஏதுலே பொகை?"