அத்தை வராத கல்யாணம்

கார்பாலிக் சோப்பின் காரமான வாசனையும், ஈரவிறகு புகைந்து எரிகிற வாசனையும், ஜன்னலைத் திறந்து வைத்தால் கேட்காமலே உள்ளே வந்து கட்டிலின்மேல் படுத்துக்கொள்ளும் மலைமூடுபனியின் வாசனையும் (மூடுபனிக்கு வாசனை உண்டென்றால் யாரும் நம்புவதில்லை) எங்கேனும் ஒன்றுசேர்ந்து வந்துவிட்டால், நான் உடனே ஒன்பது வயதுப் பெண்ணாகி, சித்திரபுரத்தில் ருக்மிணி அத்தையின் குவார்ட்டர்ஸில் கம்பளிக்குள் இருமிக்கொண்டு படுத்திருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் எங்கள் வீட்டில் எனக்குக் கக்குவான் இருமல் வந்து, மாதக்கணக்கில் விடாமல் உலுக்கி, கடைசியில் வைத்தியர் மலைக்காற்று வேண்டுமென்று சொல்லிவிட்டார். "மலையிலே நமக்கு யார் இருக்கா?" என்று அம்மா கேட்டாள். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் இருக்கிறார் என்பது அம்மாவுக்கும் தெரியும். அவருடைய தங்கை இருந்தாள். அவளைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. பேச நேர்ந்தால் "பட்டாளத்துக்குப் போனவள்" என்பார்கள்; பெயர் சொல்லமாட்டார்கள்.

பன்னிரண்டு வயதில் கல்யாணமாகிப் பதினைந்தில் கணவனை இழந்தவள் அத்தை. அதற்குமேல் அவளுக்கு என்று வைத்திருந்தது எங்கள் வீட்டின் பின்கட்டில் ஓர் இருட்டறைதான். அப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. ஒருநாள் விடிகாலையில் யாருக்கும் சொல்லாமல் அவளை ரயிலேற்றிக் கொண்டுபோய் நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டுத் திரும்பினார். தாத்தா அவரை அடித்தாராம், அவளைத் தலைமுழுகினாராம். படித்து முடித்ததும் அத்தை பட்டாளத்து நர்ஸாகச் சேர்ந்து, பர்மா எல்லையில் கூடாரங்களில் சிப்பாய்களுக்குக் கட்டுப்போட்டு, யுத்தம் முடிந்தபிறகும் இருபது வருஷம் வடக்கே எங்கெங்கோ இருந்து, பிறகு விலகி, சுகாதார இலாகாவில் சேர்ந்து, சித்திரபுரத்துக்கு வந்திருந்தாள். தாத்தா காலமாகிப் பல வருஷம் ஆகியும் அவர் போட்ட விலக்கை அம்மா காத்துவந்தாள். அம்மா கெட்டவள் இல்லை. இரண்டு பெண்களைப் பெற்றவள்; இப்படி ஓர் அத்தை உண்டென்று தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள் என்ற பயம்.

இருந்தும் என் இருமலுக்கு முன்னால் அந்தப் பயம் தோற்றது.

அத்தை வீட்டில் நான் இருந்த அந்த மாதங்கள் இப்போது நினைத்தால் பாதி தூக்கத்தில் கண்டவைபோல இருக்கின்றன. காலையில் எதிர்ச்சரிவுத் தேயிலை தெரியும். கண்ணை மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும். மின்சார நிலையத்துக்கு மலைமேலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களின் முனகல் இரவும் பகலும் தலையணைக்கடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். வெள்ளைப் புடவையில் அத்தை, தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசைவீடுகளான லயங்களுக்கு நடந்துபோவதைப் பார்த்தால், மூடுபனியின் ஒரு துண்டே எழுந்து நடப்பதுபோலத் தோன்றும். லயத்துக்காரர்கள் அவளைப் "பட்டாளத்தம்மா" என்றார்கள். கர்ப்பிணிகளுக்கு மாத்திரை, கைக்குழந்தைகளுக்கு ஊசி, நகம் வெட்டாத ஆண்களுக்கு வசவு என்று அவள் நாள் போகும். "ஏலே, பட்டாளத்தம்மா வாராவ" என்று கத்திக்கொண்டு பையன்கள் கையை ஒளித்து ஓடுவார்கள்.

என் இருமல் நின்றது. அதே சமயம் அக்காவுக்கு ஆனி மாதத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று. என்னை அழைத்துக்கொண்டு வரச் சொல்லி அம்மாவே தன் கையால் அத்தைக்குக் கடிதம் எழுதினாள். "நம்மாத்துக் குழந்தையோட கல்யாணம். நீயும் வந்து நிக்கணும்" என்று ஒரே வரி. அத்தை அதை அடுப்படியில் நின்று படித்தாள், முற்றத்தில் போய் நின்று மறுபடி படித்தாள், பிறகு என்னிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் அந்த வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. கோயமுத்தூரிலிருந்து தேன்நிறத்தில் ஒரு பட்டுப் புடவை வரவழைத்தாள். எனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை.

கிளம்ப வேண்டிய காலையில் பெட்டி வாசலில் இருந்தது. ஏழு மணி பஸ்ஸில் ஆலுவாய், அங்கிருந்து ரயில். அத்தை புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் ஒருமுறை பார்த்தாள். அவள் கண்ணாடி பார்த்து நான் கண்டது அன்றுதான். அப்போது மழையில் நனைந்தபடி மாடத்தி வந்தாள். மாடத்தி லயத்தில் இருப்பவள், கொழுந்து பறிக்கிறவள், சாயங்காலங்களில் எங்களுக்குத் தண்ணீர் எடுத்துத் தருவாள்.

"நர்ஸம்மா, ரெண்டாம் லயத்துல நாலு பேருக்கு வயித்தால போகுது. கெழவருக்குக் கண்ணு சொருகிட்டு. எம் மகளும் விடியக்காலத்துல இருந்து வாந்தி எடுக்கா" என்றாள். அழவில்லை, அழ நேரமில்லாதவள்போல ஒரே மூச்சில் சொன்னாள்.

இரண்டு நாள் முன்பு பெருமழையில் மண் சரிந்து, லயத்துக்கு மேலே ஓடும் ஓடை கலங்கியிருந்தது. அத்தை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பட்டைக் களைந்து வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

"பஸ் போயிடுமே, அத்தை" என்றேன்.

"போகட்டும். கல்யாணம் நான் இல்லாமலும் நடக்கும்."

"என்னையாவது யாரோடயாவது அனுப்பேன்."

"நோய் வந்த இடத்திலேந்து கல்யாண ஆத்துக்கு ஒருத்தரையும் அனுப்பமாட்டேன், கோந்தே. உன்னையும்தான்."

போகிற வழியில் தந்தி கொடுத்தாள். வர இயலவில்லை, குழந்தை சௌக்கியம், அவ்வளவுதான். காலரா என்ற சொல்லை எழுதினால் கல்யாண வீடு கலைந்துவிடும் என்று எழுதவில்லை. அந்தத் தந்தியைக் கல்பாத்தியில் எப்படிப் படித்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அழைத்ததும் வராமல் பழி தீர்த்துக்கொண்டாள், குழந்தையையும் பிடித்துவைத்துக்கொண்டாள் என்றே வீடு முழுக்கப் பேசியதாம்.

தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுச்செல்லும் தகரக் கொட்டகை ஒன்று லயத்தருகே இருந்தது. ஒரே பகலில் அத்தை அதைப் பட்டாளத்து ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டாள். விட்டத்தில் கயிறு கட்டி சலைன் பாட்டில்களைத் தொங்கவிட்டாள். ஆண்களில் சிலரைத் தண்ணீர் காய்ச்ச நிறுத்தினாள், சிலரைச் சுண்ணாம்பு போட அனுப்பினாள், இரண்டு பேரை ஓடைக்கரையில் காவல் வைத்தாள். எல்லாம் எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும். மூடுபனி விலகும்போது கொட்டகை தெரியும், மூடும்போது அவள் குரல் மட்டும் வரும். வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு, கிட்டே வராமல் போய்விடுவாள். நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

கல்யாணத்தன்று காலையில் பச்சைப் பாவாடையை நானே கட்டிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து முற்றத்திலேயே தூறலில் நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்போ தாலி கட்டியிருப்பான். உள்ளே அரிசியிலே மஞ்சள் கலந்து எடுத்துண்டு வா" என்றாள். கொண்டுவந்து அவள் பக்கமாக நீட்டினேன். அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"நான் போடப்படாது. நீ போடு."

சிப்பாய்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவள், எல்லாச் சாதிப் பிணத்தையும் துடைத்தவள், தாத்தாவின் விலக்குக்கு அஞ்சாதவள் அந்த ஒன்றை மட்டும் எதற்காகக் கைக்கொண்டாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாலக்காடு எந்தத் திசையென்று அவள் கைகாட்ட, நான் மூடுபனிக்குள் அட்சதையை வீசினேன். அவள் கைகூப்பி நின்றுவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து நான் பேசினேன்.

எட்டாம் நாள் அம்மா வந்தாள். அப்பா பெட்டியோடு பின்தங்கிவிட, தனியாக வேகமாக மேடேறி வந்தாள். வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனத்துக்குள் கோத்துக்கொண்டு வந்ததாகப் பிற்காலத்தில் சொல்லுவாள். எதிர்ப்பட்டவள் மாடத்தி. இடுப்பில் அவள் மகள், ஈர்க்குச்சிபோல.

"நர்ஸம்மாவுக்கு மன்னிதானே நீங்க? எட்டு நாளா அவுக உக்காந்து நான் பாக்கல. கெழவரும் ரெண்டு பச்சப்புள்ளையளும் போயிட்டாவ. மத்த எல்லாரையும் இழுத்துக் கொண்டாந்துட்டாவ. இவ இன்னைக்குத்தான் கஞ்சி குடிச்சா" என்றாள் மாடத்தி.

அம்மா கொட்டகை வாசலில் போய் நின்றாள். அத்தை கடைசிக் கட்டிலைக் கொதிநீரால் கழுவிக்கொண்டிருந்தாள். "மன்னி, கிட்டே வராதேங்கோ. குளிச்சுட்டு வரேன்" என்றாள். அம்மா அத்தையின் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள், என்னைத் தொட்டுப்பார்த்தாள், அடுப்பை மூட்டி ரசம் வைத்தாள். அத்தை குளித்து வந்ததும் இரண்டு இலை போட்டாள். வெளியூர் போனால் பச்சைத்தண்ணீர்கூடத் தொடாதவள் என் அம்மா.

"உட்காரு, ருக்கு" என்றாள். அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து நான் அன்றுதான் கேட்டேன். அத்தை சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிட வரவில்லை. அம்மா தன் இலையிலிருந்து எழுந்துபோய் அவள் அருகில் உட்கார்ந்து, குழந்தைக்குப்போல உருட்டிக் கையில் கொடுத்தாள்.

அதன்பிறகு அத்தை கல்பாத்திக்கு வருவதும் போவதுமாக ஆயிற்று. ஓய்வு பெற்றபின் பாலக்காட்டிலேயே, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு கார்த்திகையில் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

போன வருஷம் சித்திரபுரம் போயிருந்தேன். லயங்கள் இருந்த வரிசையில் கண்ணாடிச் சுவர் வைத்த விடுதிகள் நிற்கின்றன. கொட்டகை இருந்த இடம் கார்கள் நிறுத்தும் திடல். ஓடை எங்கே என்று கேட்டதற்கு அங்கிருந்த காவல்காரப் பையன், இங்கே ஓடையெல்லாம் இல்லையே என்றான். மூடுபனி மட்டும் பழையபடி வந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்தது.

ஊர் திரும்பியபோது, உறவுக்காரப் பையன் ஒருவன் அச்சிட்ட எங்கள் வம்சாவளிப் புத்தகம் வந்திருந்தது. எல்லாருடைய உத்தியோகமும் அயல்நாட்டு விலாசமும் அதில் இருக்கின்றன. அத்தையின் பெயருக்கு நேரே 'பால்ய விதவை. சந்ததி இல்லை' என்று இருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்தேன். பக்கத்தில் என்ன எழுதுவதென்று வெகுநேரம் யோசித்தும் ஒன்றும் அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்கவில்லை. சித்திரபுரம் என்று ஊர்ப்பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.