விலக்கு கேட்டு வாங்கிய கடைக்காரி

தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்த மறுநாள் காலையிலேயே முதல் சாக்குப்பை கடை வாசலுக்கு வந்துவிட்டது.

செய்தி பெரிய விஷயமில்லை. இனிமேல் பாட்டிலில் தண்ணீரோ குளிர்பானமோ வாங்குகிறவர்கள் விலையோடு சிறு தொகை ஒன்றை டெபாசிட்டாகக் கட்ட வேண்டும், காலிப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும், தெருவில் குப்பை குறையும். இப்படி ஒரு சட்டம் கொண்டுவர மசோதா தாக்கல் செய்திருக்கிறார்கள் என்றார்கள். 'மசோதா' என்ற சொல் மட்டும் யார் காதிலும் ஏறவில்லை.

சாக்குப்பையோடு வந்தவள் கடைக்காரியின் நாத்தனார்.

"வீட்டு மனுஷங்கதான் முதல்ல வரணும், இல்லையா அண்ணி? எடுத்து எண்ணிக்கோங்க."

"எதுக்கு எண்ணணும்? சட்டமே இன்னும் வரலை. பேசிட்டுத்தான் இருக்காங்க."

"டிவியில சொல்லிட்டாங்களே."

"டிவியில இன்னைக்கு மழைன்னும்தான் சொன்னாங்க. குடை பிடிச்சிட்டா வந்தே?"

நாத்தனார் அசரவில்லை. "சரி, இங்கயே ஓரமா இருக்கட்டும். சட்டம் வந்ததும் என் பேர்ல போட்டுக்கோங்க" என்று சொல்லி, பையை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பஸ் டிப்போவை ஒட்டிய முனையில் ஒற்றை ஷட்டர் போட்ட கடை அது. மாமனார் பீடி, தீப்பெட்டி விற்ற பெட்டிக்கடையாக இருந்ததை, ரொட்டி, சோப்பு, பேட்டரி, குளிர்பானம் என்று வளர்த்தது மருமகள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் சில்லறை கொடுக்கவே தடுமாறியவள், இப்போது ஆள் நடந்து வருகிற விதத்தை வைத்தே கடன் கேட்கப் போகிறானா இல்லையா என்று சொல்லிவிடுவாள். கடைக்குப் பின்னால் சரக்கறை என்று ஒன்று உண்டு. அதில் ஒருவர் நிற்கலாம், அதுவும் பக்கவாட்டில்.

அந்த வாரத்திலேயே தெருவே பாட்டிலோடு கிளம்பி வந்தது. கரடியாகக் கத்தினாலும் கேட்பாரில்லை. மாடி வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், "அரசாங்கம் கொடுக்கச் சொன்ன காசை அமுக்கப் பார்க்கிறியாம்மா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அவள் அட்டை ஒன்றை வெட்டி, 'சட்டம் இன்னும் வரவில்லை. காலிப் பாட்டில் வாங்குவதில்லை' என்று எழுதித் தொங்கவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று. அட்டையைப் படித்தவர்கள் எல்லோரும் நின்று, "அப்ப எப்ப வரும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் ஷட்டரை இறக்கிய பிறகு அட்டைக்குக் கீழேயே பாட்டிலை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. பாதிப் பாட்டிலில் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு பாட்டிலோடு நிற்காமல் ரொட்டி அலமாரி வரைக்கும் வரிசை கட்டியது. சிகரெட் துண்டு மிதந்த பாட்டிலும் ஒன்று இருந்தது.

கணவர் பஸ் டிரைவர். மதியம் வேலை முடிந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர், நிலைமையைப் பார்த்துவிட்டு, "நல்ல சட்டம்தானே. என் பஸ்ஸுல சீட்டுக்கு அடியில எவ்வளவு பாட்டில் உருளுது தெரியுமா? பிரேக் போட்டா அத்தனையும் முன்னாடி ஓடி வருது" என்றார்.

"அப்ப உங்க பஸ்ஸுலயே ஒரு கவுண்டர் போட்டு வாங்குங்க. இங்க எங்க வைக்கிறது? என் தலை மேலயா?"

"கோவிச்சுக்காதே. நாட்டுக்கு நல்லது."

"நாட்டுல எறும்பு இல்லை. என் கடையிலதான் இருக்கு."

மசோதாவை ஆராய ஒரு குழு போட்டிருப்பதாகவும், பொதுமக்கள் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம் என்றும் குளிர்பானம் இறக்குகிற வேன்காரர் சொன்னார். "நீங்க போய்ச் சொல்லுங்கக்கா. பேசறதுக்கு உங்களை விட்டா ஆள் யாரு?" என்று ஏற்றியும் விட்டார். அவள் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டுப் போனாள். போகிற வழி நெடுக மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டாள்.

குளிரூட்டிய கூடம். கோட்டுப் போட்ட கம்பெனிக்காரர் ஒருவர் படம் காட்டிப் பேசினார். சாக்கடை அடைத்த பாட்டில்களைப் பற்றி ஒரு இளம்பெண் பேசினாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை, அது இவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இவள் முறை வந்தபோது மைக் நெற்றி உயரத்தில் இருந்தது. அதை இறக்க ஒருவர் வந்தார். அவருக்கு வரவில்லை என்று இன்னொருவர் வந்தார். மைக் வாய்க்கு வந்து சேர்ந்தபோது கொடுத்த நேரம் முக்கால்வாசி போய்விட்டது. படித்துப் படித்து வைத்திருந்தது எல்லாம் மறந்து, "எங்க கடையில ஆள் நிக்கவே இடமில்லைங்க. எங்களை விட்டுடுங்க" என்று மட்டும் சொன்னாள். மணி அடித்தது. தலைவர், "குறித்துக்கொண்டோம்" என்றார்.

மீதியை வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லாப் பேசறியே. இதை அங்கயே சொல்லியிருக்கலாமே" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு பரிமாற அவள் எழுந்திருக்கவில்லை.

ஆனால் குறித்துத்தான் வைத்திருந்தார்கள். சில மாதம் கழித்து வந்த திருத்திய வரைவில், சிறு கடைகள் காலிப் பாட்டில் வாங்க வேண்டியதில்லை, பெரிய கடைகள் மட்டும் வாங்கினால் போதும் என்றிருந்தது. வேன்காரர் சேதி கொண்டுவந்த அன்று அவள் அட்டையைக் கழற்றி வீசினாள். சேர்ந்திருந்த பாட்டில்களைப் பழைய சாமான் வண்டிக்காரரிடம் அள்ளிக் கொடுத்துவிட்டு, சரக்கறையில் நேராக நின்று பார்த்தாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. மெயின் ரோட்டில் இருந்த பெரிய கடை, சட்டம் வருகிறபோது வரட்டும் என்று, வெள்ளோட்டமாக வாசலிலேயே ஒரு மெஷினை வைத்தது. பாட்டிலை உள்ளே தள்ளினால் காசுக்குப் பதில் ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டு அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும்.

இரண்டே வாரத்தில் அவள் கடை ஈயாடியது. நாத்தனார் போகும்போது சாக்குப்பையோடு போனாள், திரும்பும்போது பெரிய கடைப் பையோடு வந்தாள். பையில் சோப்பு, ரொட்டி, பேட்டரி.

"சீட்டை அங்கதான் மாத்தணும்னுட்டாங்க அண்ணி. சும்மா விட முடியுமா? அதோட, பாட்டில் வேணாம்னு சொன்னது நீங்கதானே."

அது உண்மையாக இருந்ததுதான் கடைக்காரிக்கு ஆத்திரம். வாத்தியாராவது ஏறிட்டுப் பார்க்காமல் போனார், அது தேவலை. ஒருநாள் மதியம் வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் ஒரு ரொட்டிப் பொட்டலம் இருந்தது. தன் கடையில் விற்கிற வகை இல்லை.

"இது எங்க வாங்கினது?"

டிரைவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "பஸ்ஸுல கிடந்ததை எல்லாம் பொறுக்கிப் போட்டேன். சீட்டு வந்துச்சு."

"கடைக்காரி வீட்டுல அடுத்த கடை ரொட்டி. ஊர்ல சொன்னா சிரிப்பாங்க."

"மெத்துன்னு இருக்கு, சாப்பிட்டுப் பாரேன்" என்றார் அவர். சொல்லியிருக்க வேண்டாம்.

குழு மறுபடி கருத்துக் கேட்டபோது அவள் மறுபடி போனாள். தலைவர் தன் முன்னாலிருந்த தாளைப் புரட்டிவிட்டு, "அம்மா, சிறு கடைக்கு விலக்கு வேணும்னு போன தடவை கேட்டது நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்க. நானேதான்."

கூடத்தில் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது.

"இப்ப என்ன வேணும்?"

"வாங்கணும்னு நினைக்கிற சின்னக் கடையும் வாங்கலாம்னு சேருங்க. வாங்கினதை அன்னன்னைக்கு யாராவது வந்து எடுத்துட்டுப் போகணும். இடமில்லைன்னு நான் சொன்னது பொய்யில்லை. இப்பவும் இடமில்லை. ஆனா ஆளும் வரலைன்னா இடத்தை வெச்சு என்ன பண்றது?"

"குறித்துக்கொண்டோம்."

குறித்தார்களோ என்னவோ, மசோதா அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிப்போனது. பெரிய கடைக்காரர்கள், சட்டம் வரட்டும், பார்க்கலாம் என்று மெஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டார்கள். பாட்டில்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. அவை மறுபடி அவள் வாசலுக்கே வந்தன.

இந்தத் தடவை அவள் அட்டை எழுதவில்லை. வேன்காரரை மடக்கினாள்.

"சரக்கு இறக்கிட்டு வேன் காலியாத்தானே போகுது? பாட்டில் மூட்டையை ஏத்திட்டுப் போங்க."

"முதலாளி திட்டுவாருக்கா."

"பேச என்னை விட்டா ஆளில்லைன்னு குழுவுக்கு அனுப்பினது யாரு? முதலாளிகிட்டயும் நானே பேசறேன்."

பேசினாள். பழைய பிளாஸ்டிக் வாங்குகிற இடம் கம்பெனிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் முதலாளியும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். பாட்டில் கொண்டுவருகிறவர்களுக்கு, அவர்கள் வாங்குகிற சாமானின் விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாள். கழுவியிருக்க வேண்டும், நசுக்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாத்தனார் கழுவாமல் கொண்டுவந்து, "சொந்தத்துக்குள்ள இதெல்லாமா அண்ணி?" என்றாள். குழாயடி காட்டப்பட்டது. கால்மணி நேரம் முணுமுணுத்தபடி அவள் கழுவினாள்.

போன வாடிக்கை முழுசும் திரும்பவில்லை. வாத்தியார் இன்னும் பெரிய கடைக்குத்தான் போகிறார். சரக்கறையில் மறுபடி பக்கவாட்டில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. வேன் வராத நாளில் மூட்டையைத் தாண்டித்தான் கல்லாவுக்குப் போக வேண்டும், அப்போதெல்லாம் அவள் வாயில் குழுவும் தலைவரும் கணவரும் ஒருசேர அகப்படுவார்கள்.

போன வாரம் புதிதாகக் குடிவந்த ஒருவர் கைநிறையப் பாட்டிலோடு வந்து, "சட்டம் வந்துடுச்சாமே?" என்று கேட்டார்.

"வரலை" என்றாள் கடைக்காரி. "நீங்க போய்க் கழுவிட்டு வாங்க."