எனக்கு வாசித்துக் காட்டிய வொலட்

எனக்குக் கண் தெரியாது. கட்டுகஸ்தோட்டையில் வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவுகளைச் சீர்செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். கூலி கிரிப்டோவாக, அதாவது இணையக் காசாக வரும். அது நானாவின் போனில் இருந்த வொலட்டில், அந்தக் காசை வைக்கும் செயலியில்தான் விழுந்துகொண்டிருந்தது. நானா, என் மூத்த சகோதரர், அதில் ஒரு சதம் தொடாத மனிதர். ஆனால் எதற்கு எடுக்கிறாய் என்று கேட்காமல் இருக்க அவரால் முடியாது. ஒரு சேர்ட் வாங்கினாலும் "பெருநாளைக்கும் எடுத்ததுதானே" என்பார். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் இதைக் கேட்டுக்கேட்டு எனக்கு வெறுத்துப்போயிற்று.

சொந்தமாக ஒரு வொலட் வேண்டும் என்று முடிவெடுத்தேன். அம்பிட்டியவில் இருக்கும் சிநேகிதன் பாதுகாப்பில் பேரெடுத்த ஒன்றைச் சொன்னான். திரையில் இருப்பதை என் போன் வாசித்துச் சொல்லும். அந்த வொலட்டிலோ எதைத் தொட்டாலும் "பட்டன், பட்டன்" என்றது. எது அனுப்புவது, எது அழிப்பது என்று தெரியாத பட்டனை வைத்து நான் என்ன செய்ய?

இரண்டாவது நன்றாகப் பேசியது. போன் தொலைந்தால் பணத்தை மீட்கச் சில இரகசியச் சொற்கள் தருமாம், அவற்றை யாருக்கும் காட்டக்கூடாதாம். அந்த எச்சரிக்கையை அழகாக வாசித்தது. சொற்கள் வந்ததும் வாயை மூடிக்கொண்டது. அவற்றைப் படமாகப் போட்டிருக்கிறார்கள், குரலுக்கு எட்டாது. யாருக்கும் காட்டக்கூடாததை வாசிக்க நானாவைக் கூப்பிட வேண்டும். எரிச்சலில் போனைக் கட்டிலில் எறிந்தேன்.

மூன்றாவது அவ்வளவு பேர்போனதல்ல. நாலைந்து வகைக் காசுதான் அதில் வைக்கலாம். எனக்கு வருவது ஒரே வகை, அது போதும். இயர்போன் போட்டதும் சொற்களை ஒவ்வொன்றாக என் காதில் மட்டும் சொன்னது. அனுப்புமுன் தொகையையும் போகும் இடத்தையும் திரும்ப வாசித்தது. சொற்களைப் பிரெயிலில் குத்தி அலுமாரியில் வைத்தேன். எங்கள் வீட்டில் அதை வாசிக்க வேறு ஆளில்லை. கூலியை இனி இந்த வொலட்டுக்கே அனுப்பச் சொன்னேன்.

கூலி வரும் நாளில் வழக்கம்போல் நானா அறைக்கு வந்தார்.

"என்ட போனில ஒண்டும் விழல்ல. காசு வரல்லயாடா?"

"வந்த நானா. இனி நானே பாத்துக்கொள்றேன்."

"அப்ப எனக்குச் செய்ய ஒண்டும் இல்லயா?" என்றார்.

இதற்காகத்தான் இத்தனை பாடும் பட்டேன். ஆனால் அந்தக் கணக்கைச் சாட்டாக வைத்துத்தான் நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"வாங்க நானா, இரிங்க" என்றேன். அவருடைய செருப்புச் சத்தம் அதற்குள் முற்றத்துக்குப் போய்விட்டிருந்தது.