குட்பை சொல்லாத அக்கா

வகுப்பு முடிந்து எல்லோரும் "குட்பை சார்" என்று கத்திவிட்டுப் படியிறங்கிய பிறகு, ஒருவர் மட்டும் வாசலில் நின்று "வாறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியறையில், வளைகுடா ஆஸ்பத்திரிகளுக்குப் போகவிருந்த நர்சுகளுக்கு நான் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்த காலம் அது. இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டி இருக்கும். அவர் கடற்கரை ஊர்க்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஆகவே எனக்கு அக்கா.

மாதிரி நேர்காணலில் அக்கா எல்லாக் கேள்விக்கும் டாண் டாணென்று பதில் சொல்வார். எழுந்து விடைபெறும்போது மட்டும் வாயைப் பூட்டிக்கொள்வார். திமிர் என்றே நினைத்தேன். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும். "ஒரு வார்த்தைக்கா இவ்வளவு அடம்?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"அது மட்டும் எனக்க வாயில வராது சார்," என்றவர், நின்றபடியே காரணத்தையும் சொன்னார்.

கடலுக்குப் போகிறவர்கள் "போறேன்" என்று சொல்வதில்லை, "வாறேன்" என்பார்கள். அவருடைய கணவரும் அப்படிச் சொல்லித்தான் போய்வந்து கொண்டிருந்தார். ஒரு விடியற்காலையில், ஆங்கிலப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த மகள் தூக்கம் கலைந்து எழுந்து வந்து, "குட்பை அப்பா" என்று கையாட்டினாள். மனிதர் பூரித்துப்போய், வழக்கமானதை மறந்து, தானும் "குட்பை மக்கா" என்று சொல்லிவிட்டு வள்ளம் ஏறினார். அன்று காற்று மாறியது. அவர் திரும்பவில்லை, உடலும் கரைக்கு வரவில்லை. அந்த வார்த்தையால்தான் வந்தது வினை என்று பக்கத்து வீட்டில் யாரோ பேசியது மகளின் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து, வீட்டைவிட்டு யார் கிளம்பினாலும் அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாளாம்.

"நான் போற அன்னைக்கு எனக்க மொகத்தப் பாப்பாளான்னே தெரியல்ல சார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கும் வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கத்தோடு அகராதியைப் புரட்டினேன். நானூறு வருடங்களுக்கு முன்பு அது ஒரு முழு வாக்கியம்: "காட் பி வித் யீ." கடவுள் உன்னோடு இருக்கட்டும். பேசிப் பேசித் தேய்ந்து ஒற்றைச் சொல்லானபோது, கடவுள் இருந்த இடத்தில் "குட்" வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகமெங்கும் ரயிலடியிலும் தொலைபேசியிலும் கோடிப் பேர் தங்களுக்கே தெரியாமல் ஒருவரையொருவர் ஆசீர்வதித்துக்கொண்டு இருக்கிறார்கள்! இன்றைக்கும் யாராவது வெறும் "பை" சொல்லிப் போனை வைத்தால் எனக்கு ஒரு கணம் உடல் சிலிர்க்கிறது.

நான் கேட்டுக்கொண்டதன்பேரில் அந்தச் சனிக்கிழமை அக்கா தன் மகளைக் கூட்டி வந்தார். அகராதியைக் காட்டி விளக்கினேன்.

"சர்ச்சுப் பூசையில சாமி, 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக'ன்னு சொல்லுவாருல்லா, அதா?" என்று கேட்டாள்.

"அதேதான்," என்றேன். அவள் முகம் மலரும் என்று பெருமையோடு காத்திருந்தேன்.

"அப்போ கடவுள் ஏன் அப்பாகூடப் போவல்ல?"

அகராதியில் அதற்குப் பதில் கிடையாது. அக்கா, மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"போனாரு மக்கா. நீ குட்பை சொல்லி அவரக் கூட அனுப்புனல்லா? அப்பா கடல்ல தனியா கெடக்கல்ல."

எத்தனை நாள் அந்தப் பதிலை அவர் மனதுக்குள் வைத்திருந்தாரோ, அல்லது அந்த நொடியில்தான் வந்ததோ, எனக்குத் தெரியாது. அத்தனை படித்த நான் அவர் முன்னால் சிறுத்துப்போய் நின்றேன். பிள்ளை அம்மாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ நீ போவும்போ ஒன்கூடயும் அனுப்பட்டாம்மா?" என்றாள்.

அக்காவால் தலையை மட்டுமே ஆட்ட முடிந்தது.