சோலார் பலகையில் காய்ந்த மிளகாய்

டீசல் வாடை சோற்றிலும் ஏறும் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, ஏழாம் வகுப்பில் பாதி வருடம் நான் தின்றது அந்தச் சோற்றைத்தான். கடல் கண்ணுக்குத் தெரியாமல் அதன் உப்புக்காற்று மட்டும் வந்துசேரும் இராமநாதபுரத்துச் சிற்றூர் எங்களுடையது. எங்கள் குண்டு மிளகாய்த் தோட்டத்துக்குப் பண்ணைக்குட்டையிலிருந்து தண்ணீர் இறைத்தது ஒரு பழைய "ஆயில் இஞ்சின்". காலையில் அய்யா அதன் கைப்பிடியை மூச்சுமுட்டச் சுற்ற, நான் மேலேயிருக்கும் லீவரைத் தூக்கிப் பிடித்திருந்து, அவர் "விடு தாயி!" என்றதும் விட வேண்டும். விட்டதும் வரும் முதல் கரும்புகை என் முகத்துக்கு. அதே கோலத்தில் பள்ளிக்கூடம் போனால் பக்கத்தில் ஒருத்தியும் உட்கார மாட்டாள். எனக்கு வைத்த பட்டப்பெயரே "டீசல்". எரிச்சல் வருமா, வராதா?

அந்த வருடம்தான் அறிவியல் டீச்சர், நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் புதைபடிவ எரிபொருள்கள், பல கோடி வருடம் மண்ணுக்குள் புதைந்து உண்டானவை, எடுக்க எடுக்கக் குறைந்து ஒருநாள் தீர்ந்துபோகும் என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நடத்தினார். வகுப்பே கவலைப்பட்டது. நான் மட்டும் எழுந்து, "எப்ப டீச்சர் தீரும்?" என்று ஆசையாகக் கேட்டேன். வெளியே போய் நில் என்றுவிட்டார்.

டீசல் தீரவில்லை, ஆனால் மானியத்தில் சோலார் மோட்டார் வந்தது. குட்டைக்கரையில் இரும்புக்கால் நட்டு, கறுத்த பலகைகளைச் சாய்வாக மாட்டி, "வெயில் பட்டாப் போதும், தன்னால ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெயிலுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்! பொத்தானை அமுக்கினால் தண்ணீர். புகையில்லை, லீவர் இல்லை. என்னைப்போல் கொடுத்துவைத்தவள் ஊரில் இல்லை என்று சில வாரம் திரிந்தேன்.

அதற்குள் செடியில் பழுத்த முதல் மிளகாயைப் பறித்தாயிற்று. களத்தில் காயப்போட்டால் ஆடு வாய் வைக்கும், மண் ஒட்டும். அம்மாவின் கண் பலகைகள்மேல் விழுந்தது. "ஆடு ஏறாது, மண்ணு ஒட்டாது, இம்புட்டுச் சூடா ஒரு எடம் சும்மாதான கெடக்கு" என்றாள். உருண்டை மிளகாய் சாய்வில் நிற்குமா? அதற்கும் வழி கண்டாள். வேலி கட்டுவதற்காக இராமேஸ்வரத்துச் சித்தப்பா கொடுத்திருந்த பழைய மீன்வலையைப் பலகைமேல் இழுத்துக் கட்டி, அதனடியில் மிளகாயைப் பரப்பிவிட்டாள். ஒரு பலகையில் தொடங்கியது, இரண்டு நாளில் எல்லாம் சிவப்பாகிவிட்டது. மோட்டார் நின்றுபோனது.

செடிகள் அப்போது இரண்டாவது பூவில் நின்றன. தண்ணீர் இல்லையென்றால் பூ அத்தனையும் உதிர்ந்துவிடும். அய்யா ஏணி வைத்து ஏறிப் பலகையைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான சுடுது, பெறகு என்ன கேடு இந்த மோட்டாருக்கு?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அய்யா, அது சூட்டுல ஓடாது, வெளிச்சத்துல ஓடுறது! மொளகா மறைக்குதுல்ல!" என்று கத்தினேன். அம்மா விடுவாளா? "ஊருக்கே காயிற வெயிலு. எம் மொளகா எம்புட்டு வெயிலக் குடிச்சிரப் போகுது? ரெண்டு எழுத்துப் படிச்சதும் வாயப் பாரு!" அய்யா அவள் பக்கம் சாய்ந்தார். மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அந்த மகராசன் எடுக்கவேயில்லை.

மறுநாள் காலை, சாக்குப்போட்டு மூடிய இஞ்சின் வெளியே வந்தது. மறுபடியும் லீவர், மறுபடியும் நான். வேகம் பிடிக்காத கைப்பிடி திருப்பி அடித்ததில் அய்யா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கை கண்முன்னே வீங்கியது. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு. ஏணியில் ஏறி வலையின் முடிச்சுகளை அவிழ்த்து ஒரே இழுப்பாக இழுத்தேன். மிளகாய் அத்தனையும் தரையெங்கும் உருண்டோடியது. அம்மா கையில் கிடைத்த குச்சியோடு ஓடி வந்து, "பாவி மகளே!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அவள் இரண்டாவதை ஓங்கும்போது சோலார் மோட்டாரின் குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. குச்சி அப்படியே நின்றது.

இப்போது நான் ஏர்வாடிப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் அதே பாடத்தை நடத்துகிறேன். இஞ்சின் பழைய இரும்புக்குப் போய்விட்டது, டீசல் வாடை போய்விட்டது, அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை. தொலைந்தது சனியன் என்றுதான் இருக்கிறேன். ஆனால் போன மாதம் ஊருக்குப் போனால், குழாயில் தண்ணீர் சன்னமாக விழுகிறது. நிமிர்ந்து பார்த்தேன். கடைசிப் பலகையில் வலை, வலைக்கடியில் மிளகாய்!

ஒரு பலகையை மறைத்தாலும் வரிசையே சோர்ந்துபோகும் என்று வகுப்பில் நடத்துவதுபோல் மூச்சுவிடாமல் விளக்கினேன். அய்யா அன்றைக்குக் கோணியது கோணியபடியே இருக்கும் கையால் மற்ற பலகைகளைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தெரியும் தாயி. தண்ணி கொறச்சலா வந்தா வந்துட்டுப் போகுது. உங்கம்மா பேச்சு கொறையணும்ல?"

கிளம்பும்போது அம்மா ஒரு பை வத்தலை என் கையில் திணித்தாள். மண் ஒட்டாத, ஆடு வாய் வைக்காத, நன்றாகக் காய்ந்த வத்தல். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.